இரண்டாம் நம்பர் ரிமோட்

தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டின் முன்பக்கத்தைப் பலகையால் மறித்து, என் வீட்டுக்காரர் வீடியோ கேம் கடை நடத்தினார். நான்கு டிவி, நான்கு பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு ரிமோட். கையில் பிடித்து விளையாடுகிற அந்தக் கட்டைக்கு எங்கள் சந்தில் ரிமோட் என்றுதான் பெயர். ஒண்ணாம் நம்பர் ரிமோட்டில் ஸ்டார்ட் பொத்தான் இருக்கும். இரண்டாம் நம்பரில் அது கிடையாது. ஆட்டத்தை ஆரம்பிப்பது, நடுவில் நிறுத்துவது, திரும்ப ஓடவிடுவது எல்லாம் ஒண்ணாம் நம்பரைப் பிடித்தவன் இஷ்டம். தனியாக வருகிறவர்களோடு இவரே உட்கார்ந்து விளையாடுவார். யார் வந்தாலும் ஒண்ணாம் நம்பர் இவர் கையில்தான். அது கடைச் சட்டம்.

எனக்குத் துடைக்கிற வேலை. காலையில் எட்டு ரிமோட்டையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து வைப்பேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீஷில் எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே சொல் அந்த ஸ்டார்ட்தான். துடைத்துத் துடைத்தே அதைப் படித்தேன்.

துடைக்கிற வேலை என்பது வெளியே சொன்னது. பொத்தான் அமுங்காமல் போனால் திருகைக் கழற்றி, உள்ளே இருக்கிற ரப்பரைக் கழுவிக் காயவைத்து, அதன் கறுப்புப் பொட்டில் பென்சில் கரியைத் தேய்த்துத் திரும்பப் பூட்டுவதும் நான்தான். பின்னால் சமையல் பக்கத்தில் உட்கார்ந்து செய்வேன். முன்னால் பையன்கள், "சாச்சா கடை ரிமோட் மாதிரி எங்கயும் கிடையாது" என்பார்கள். இவர் தாடியைத் தடவிக்கொள்வார்.

பூட்டியதைப் போட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? இவர் மதியத் தொழுகை முடித்து, சாப்பிட்டுக் கண் அசருகிற நேரத்தில் டிவி சத்தத்தை அடக்கிவிட்டு விளையாடிப் பார்ப்பேன். செங்கல் சுவர்களுக்கு நடுவே டாங்கி ஓட்டுகிற ஆட்டம். அப்படிப் பார்த்துப் பார்த்து அவரைவிட நன்றாகவே எனக்குக் கை வந்துவிட்டது. ஒருநாள் விழித்துக்கொண்டார்.

"ஒண்ணாம் நம்பரத் தொடுதியா நீ? ஏளா, யார் குடுத்த தைரியம்?"

அவர் வாயில் எனக்குப் பெயர் கிடையாது, ஏடீ என்கிற மாதிரி ஏளாதான். ரிமோட்டைப் பிடுங்கி அதன் ஒயரை இரண்டாக மடித்து முதுகில் அடித்தார். எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. அடித்த வேகத்தில் ஒயர் உள்ளுக்குள் அறுந்துபோயிற்று. மறுநாள் அதை வெட்டி ஒட்டிச் சரி செய்ததும் நான்தான். அன்று சாயங்காலம் அதே ரிமோட்டை வைத்து அவர் மூன்று பேரை ஜெயித்தார்.

ஆளாளுக்கு மொபைல் வந்த பிறகு கடை போயிற்று. பெட்டிகளைப் பழைய சாமான்காரன் கொண்டுபோனான். போன வருஷம் இவருக்குப் பக்கவாதம் வந்தது. வாய் கொஞ்சம் கோணி, வலது கை மடியிலேயே கிடந்தது. பேச்சு உடைந்து உடைந்துதான் வரும். நான்தான் ஊட்டினேன்.

அப்போது எங்கள் மகள் வயிற்றுப் பேத்திக்குக் கல்யாண் ஊரில் நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். நாற்பது நாள் இருந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டைச் சுற்றி நான்கு ஆண்கள் உட்கார்ந்து, அவரவர் பக்கத்துச் சோற்றை வலது கையால் அள்ளிச் சாப்பிடுவார்கள். இடது கையை அதில் நீட்ட முடியாது. வாதம் வந்த பிறகு இவர் முழுசாகச் சொன்ன முதல் பேச்சு இது:

"சஹன்ல... உக்காரணும். ஸ்பூன்... வேண்டாம்."

திலக் நகரிலிருந்து பயிற்சி கொடுக்க வருகிற மராட்டிப் பெண், கட்டைவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்தால் சோறு அள்ளலாம், அதற்கு விரலுக்குத் தினமும் வேலை கொடுங்கள் என்றாள். இதைக் கேட்டு, கோபர்கைரனேயில் இருக்கிற என் மகன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"உம்மா, இங்க பாருங்க. அப்படியே நம்ம கட ரிமோட்டு! பழைய மாடல இப்ப திரும்பப் போடுதான். ஜனங்க போட்டி போட்டு வாங்குது."

வாங்கிப் பார்த்தேன். அதே வெள்ளை, அதே சிவப்பு, கூட்டல் குறி போல அதே பொத்தான். எடைதான் கம்மி. இரண்டாம் நம்பரில் ஸ்டார்ட் இல்லாததைக்கூட மாற்றாமல் அப்படியே விட்டிருந்தான் செய்தவன். புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

"ஒயர் எங்கல?"

"ஒயர் எதுக்கு உம்மா இந்தக் காலத்துல? காத்துலயே வேல செய்யும். சார்ஜ் போட மட்டும் இந்தச் சின்ன ஒயர்."

"உங்க வாப்பாட்ட காட்டு. ஒயர் கிடையாதுன்னு சொல்லு."

மகனுக்கு விளங்கவில்லை. விளங்கியவர் கட்டிலில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மகன் ஒண்ணாம் நம்பரைத்தான் அவர் கையில் வைத்துவிட்டுப் போனான். அவன் படி இறங்கியதும் அதை எடுத்துக்கொண்டு இரண்டாம் நம்பரைக் கொடுத்தேன்.

"எ... என்..."

"கட மூடியாச்சு. கடச் சட்டமும் மூடியாச்சு. இதப் புடிங்க."

டிவியில் அதே டாங்கி ஆட்டம் வந்து நின்றது. ஆரம்பிக்க, எங்கள் சந்துப் பேச்சில் சாலு பண்ண, நான் அழுத்த வேண்டும். நான் அழுத்தவில்லை.

"சா...லு..."

"என்னது? காதுல விழல."

"சாலு... பண்ணு... ளா."

"அந்த ளா வேண்டாம்."

பிறகு அது இல்லாமல் சொன்னார். அழுத்தினேன்.

அந்த ஆட்டத்தில் இரண்டு பேரும் ஒரே கட்சிதான். ஆனால் கூட வருகிறவனையும் சுடலாம். சுட்டால் சாகமாட்டான், கொஞ்ச நேரம் அசையாமல் மினுங்கிக்கொண்டு நிற்பான். எதிரி டாங்கி வருகிற நேரம் பார்த்து நான் இவரைச் சுடுவேன். அசையாமல் நின்று அடிபடுவார். என்றைக்காவது இவர் என்னைக் குறி வைத்துச் சுடப் போகிறார் என்று தெரிந்தால், ஸ்டார்ட்டை அழுத்தி ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சோறு வடிக்கப் போவேன். இரண்டாம் நம்பரால் அதை ஓடவிட முடியாது. திரும்பி வரும்வரை டிவியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

சும்மா சொல்லக் கூடாது, அதனால்தான் கை தேறியது. என்னை ஒருமுறையாவது ஜெயித்துவிட வேண்டும் என்ற வெறியில், மரக்கட்டை போல இருந்த கட்டைவிரல் முதலில் துடித்தது, பிறகு அமுக்கியது. முப்பதாவது நாள் வாக்கில் ஒரு பேரீச்சம்பழத்தைத் தானே எடுத்து வாயில் வைத்தார். சோறு இன்னும் வரவில்லை. இன்னும் பத்து நாளில் வந்துவிடும் என்றாள் அந்தப் பெண்.

அன்றைக்கு அவள் உட்கார்ந்து எங்கள் ஆட்டத்தைப் பார்த்தாள். பாட்டி என்பதற்கு அவள் ஆஜி என்பாள். நான் அடித்து நொறுக்கியதைப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டாள்: "ஆஜி, இந்த வயசுல இப்படி விளையாடுறீங்களே! யார் சொல்லிக் குடுத்தாங்க?"

நான் வாயைத் திறக்கும் முன்னே கட்டிலிலிருந்து பதில் வந்தது. அவரும் இந்தியில்தான் சொன்னார்.

"நான்தான்... கத்துக் குடுத்தேன். இவளுக்கு... தொடைக்க... மட்டுந்தான் தெரியும்."

வாதம் வந்தபின் இவ்வளவு அவர் பேசியதே இல்லை. அந்தப் பெண் சந்தோஷத்தில் கை தட்டினாள். இவர் இடது கையால் தாடியைத் தடவிக்கொண்டார். நான் எழுந்து போய் அவளுக்குச் சாயா போட்டேன்.

அவள் போனதும் அந்தச் சின்ன ஒயரை எடுத்து அரிசி டிரம்முக்குள், கை முழங்கை வரை போகிற ஆழத்தில் செருகினேன். மறுநாள் ரிமோட்டின் சின்ன விளக்கு அணைந்துபோயிற்று.

"சாலு பண்ணு" என்றார். தானாகவே ளா இல்லாமல் சொன்னார்.

"சார்ஜ் போச்சு. ஒயரக் காணல. மவன் வந்துதான் பாக்கணும்."

மகனுக்குக் கல்யாண வேலை. போனில், "நிக்காஹ் முடியட்டும் உம்மா, வேற வாங்கித் தாரேன்" என்றான். இவர் இரண்டு நாள் செத்த ரிமோட்டையே அமுக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். பயிற்சிக்காரப் பெண் பந்தைக் கொடுத்துப் பார்த்தாள், துணியைக் கொடுத்துப் பார்த்தாள். அதிலெல்லாம் இவருக்கு என்ன வெறி வரும்? விரல் நின்ற இடத்திலேயே நின்றது. கல்யாணத்துக்கு முன்தினம் அந்தப் பெண், "ஸ்பூன் கொண்டுபோங்க ஆஜி" என்று என் காதில் சொன்னாள். நான் கொண்டுபோகவில்லை.

கல்யாண் ஊர் மண்டபத்தில் பெண்களுக்கு மாடியில் இடம். கம்பி வழியாகக் கீழே ஆண்கள் பந்தி முழுக்கத் தெரியும். எனக்கு நல்ல இடம் கிடைத்தது. இவர் புதுச் சட்டையும் தொப்பியுமாகச் சம்மணம் போட முயன்று, முடியாமல் ஒரு காலை நீட்டி, சம்பந்தியோடும் வேறு இரண்டு பேரோடும் ஒரே தட்டில் உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லிக் கையை வைத்தார். கட்டைவிரல் சேரவில்லை. எடுத்த சோறு வாய்க்குப் போகும் வழியில் அடுத்தவர் பக்கம் விழுந்தது. திரும்ப எடுத்தார், திரும்ப விழுந்தது. எதிரே இருந்த இரண்டு பேரும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, வயிறு நிறைந்தது போலக் கையைக் கழுவ எழுந்து போனார்கள்.

சம்பந்தி நல்ல மனுஷர். சத்தம் இல்லாமல் பேச நினைத்தாலும் அவர் குரல் பெரிய குரல், மாடிக்கே கேட்டது.

"மச்சான், கூச்சப்படாதீங்க. நம்மளுக்குள்ள என்ன?"

கறியோடு சோற்றை உருட்டி இவர் வாய்க்கு நேரே நீட்டினார். பந்தி பூராவும் பார்த்துக்கொண்டிருந்தது. இவர் வாயைத் திறந்தார்.

என் பக்கத்தில் இருந்த மகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "வாப்பாவப் பாத்தீங்களா உம்மா" என்றாள். பார்த்தேன் என்றேன். அன்று பிரியாணி நன்றாக இருந்தது. இன்னொரு தடவை போடச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் புதுச் சேலையைக்கூட மாற்றாமல், அவர் பார்க்கவே அரிசி டிரம்முக்குள் கையை விட்டு ஒயரை எடுத்தேன். அதன் முனையில் ஒரு அரிசி மாட்டியிருந்தது. அவர் அரிசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நகத்தால் அதைத் தட்டிவிட்டு, முனையைத் துடைத்து, இரண்டு ரிமோட்டையும் சார்ஜில் போட்டேன்.

இப்போதும் தினமும் விளையாடுகிறோம். விரல் அதற்கு மேல் தேறவில்லை, நான்தான் ஊட்டுகிறேன். மகன் ஒருநாள் வந்து ஒண்ணாம் நம்பரை அவர் கையில் வைத்தான். அவரே அதை என் பக்கம் தள்ளிவிட்டார். சாலு பண்ணு என்று இப்போது கேட்பதும் இல்லை. இரண்டாம் நம்பரை மடியில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் வெங்காயத்தை உரித்து, பாத்திரத்தைக் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டார்ட்டை அழுத்துவேன்.