சும்மா வந்த மண்

அந்தக் கான்ட்ராக்டரை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. கல்கத்தா பக்கம் சாந்த்ராகாச்சியில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் பெரிய பள்ளம், மழைக்காலத்தில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். அந்த ஆள் ஒரு லாரி மண்ணைக் கொட்டி மேடாக்கிக் கொடுத்தான், சும்மா. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவன் லாரி மண்ணைச் சும்மா தருகிறான் என்றால் ஏன் என்று கேட்க வேண்டாமா? கேட்கவில்லை.

அம்மா அதில் பாத்தி கட்டினாள். கரியாஹாட் சந்தையில் மலைமலையாகக் கிடக்கும் கீரையெல்லாம் அவளுக்குக் கீரையே இல்லை. கும்பகோணத்திலிருந்து விதை வரவேண்டும். செடி பச்சையாகத்தான் வந்தது, உயரம்தான் வரவில்லை. பிடுங்கினால் வேர் கட்டையாக இருந்தது. கல்கத்தா தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். சோறு தின்னப் பழகிக்கொண்டிருந்த தம்பிக்குத் தினமும் அந்தக் கீரைதான், பருப்போடு மசித்து.

பக்கத்து வீட்டு வங்காளிக்காரரை நாங்கள் காக்கு என்போம். ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் குளத்தில் தூண்டில் போட வேண்டும், புழு தோண்டிக் கொடுப்பது நான். அவர் தோட்டத்தில் ஒரு பிடி மண்ணெடுத்தால் கொத்தாக நெளியும். எங்கள் பாத்தியில் எவ்வளவு கிளறியும் ஒன்றுகூட இல்லை. எனக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. ஒரு டப்பா நிறைய அவர் புழுக்களை அள்ளிவந்து எங்கள் பாத்தியில் விட்டேன். அவை உள்ளே போகவே இல்லை. சுருண்டு துடித்து, சிமென்ட் தரையில் ஏறி, வெயிலில் காய்ந்து செத்தன.

"கொழந்த திங்கிற கீரையில புழுவ விடுறியே, அறிவிருக்கா ஒனக்கு?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். காக்கு மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ மாட்டி பாலோ நா" என்றார். இந்த மண் நல்லதில்லையாம் என்று நான் உள்ளே போய்ச் சொன்னேன்.

"மீன் திங்கிறவருக்குக் கீரையப் பத்தி என்னடி தெரியும்?" என்றார் அப்பா. சைவத் திமிர், வேறு என்ன சொல்ல!

தம்பிக்குப் பேச்சு தாமதமாக வந்தது. பள்ளியில் சேர்த்த பிறகும் எழுத்து மனதில் நிற்கவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் ரத்தத்தைச் சோதித்து, உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது என்றார். பிறகு விசாரித்தால், அது பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய கொட்டகையின் மண். கொட்ட வேறு இடம் கிடைக்காமல் எங்கள் தலையில் கட்டியிருக்கிறான். தம்பிக்கு இப்போது இருபது தாண்டிவிட்டது. கடைக்கு அனுப்பினால் இன்னும் மீதிச் சில்லறையைச் சரிபார்க்கத் தெரியாது.

கீரை முதல்முறை பறிப்புக்கு வந்தபோது அந்தக் கான்ட்ராக்டர் வீட்டுக்கு வந்திருந்தான். அம்மா ஆசையாக ஒரு கட்டுப் பறித்து நீட்டினாள். "நா பௌதி, நா நா!" வேண்டாம் அண்ணி, வேண்டாம் என்று பதறிக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். காபியை மட்டும் குடித்தான். இவ்வளவு உதவி செய்துவிட்டு ஒரு கட்டுக் கீரைகூட வாங்கிக்கொள்ள மாட்டேனென்கிறாரே, என்ன மனுஷர் என்று அப்பா உருகிப்போனார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கேட்டுவரை ஓடிப்போய் அவனுக்கு டாட்டா காட்டினேன்.