ஆராயி கொடுத்த கட்டி

கஸ்தூரிக்கு வேலை அறுவை அறையின் வாசலில். திருவண்ணாமலையில் அவள் இருந்த தனியார் மருத்துவமனையிலிருந்து, சென்னையில் நடக்கும் புற்றுநோய் ஆய்வுக்குக் கட்டிகளின் துண்டுகள் போகும். கட்டி எதைக்கொண்டு வளர்கிறது என்று காட்டும் சில புரதங்கள் ரத்த ஓட்டம் நின்றதுமே சிதையத் தொடங்கிவிடும். அதனால் மருத்துவர் வெட்டி எடுத்த உடனே, நகத்தளவு துண்டை வாங்கித் திரவ நைட்ரஜனில் போட்டு உறையவைக்க வேண்டும். தாமதமானால், அளந்து பார்க்கும்போது இருந்த புரதமும் இல்லாததாகவே தெரியும்.

ஆராயி கிரிவலப் பாதையில் இட்லி விற்பவள். மார்பில் கட்டி. அதில் ஒரு துண்டை ஆய்வுக்கு எடுக்கக் கஸ்தூரி சம்மதம் கேட்கப் போனபோது, "இதால எனக்கு இன்னா ஆவும்?" என்றாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாதும்மா. பின்னால வர்றவங்களுக்கு மருந்து கண்டுபிடிக்க உதவலாம்."

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க. எடுத்துக்கோ கண்ணு."

அறுவையின்போது திடீரென்று உள்ளே பரபரப்பு. ரத்தப் பைகளோடு ஆட்கள் ஓடினார்கள். கட்டியை எடுத்திருப்பார்கள் என்று கஸ்தூரிக்குத் தெரிந்தது. கதவைத் தட்டக் கையைத் தூக்கியவள், இறக்கிக்கொண்டாள். உயிர் ஊசலாடும் இடத்தில் ஒரு துண்டுச் சதையை எப்படிக் கேட்பது?

வெகுநேரம் கழித்துச் செவிலியர் சரோஜா கட்டி வைத்த கிண்ணத்தோடு வந்தார்.

"மறந்தே போய்ட்டோம் கஸ்தூரி. ரத்தம் நிக்கவே இல்ல. இனிமே பொழச்சிக்கும்." பிறகு தணிந்த குரலில், "வெட்டுனதுக்கும் உறைய வச்சதுக்கும் நடுவுல நேரத்த கம்மியா போட்டுடேன். யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

"வேணாங்கா. அப்பறம் இந்தக் கட்டியில அந்தப் புரதமே இல்லன்னு முடிவு பண்ணிடுவாங்க."

உண்மையான நேரத்தையே எழுதி அனுப்பினாள். சென்னையில் அந்தத் துண்டை ஆய்விலிருந்து நீக்கிவிட்டார்கள்.

புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்த ஆராயி விசாரித்தாள். "என்னுது உதவுச்சாம்மா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "இல்லம்மா. லேட்டாயிடுச்சி. கெட்டுப்போச்சி."

ஆராயி கட்டுப்போட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுத்ததும் எடுத்தீங்க, அதயும் குப்பையில போட்டுட்டீங்க," என்று எழுந்து போனாள்.

கஸ்தூரி தலைமை மருத்துவரிடம் கெஞ்சி, அறுவை அறைக்குள்ளேயே நிற்க அனுமதி வாங்கினாள். அதன்பின் துண்டுகள் வீணாவது அரிதாயிற்று. ஆராயிக்கோ நோய் நுரையீரலுக்குப் பரவியது. விஷயம் தெரிந்து கஸ்தூரி அவள் வீட்டுக்குப் போனாள்.

படுக்கையிலிருந்தே ஆராயி கேட்டாள்: "இப்ப இன்னா எடுத்துக்கினு போவ வந்த?"

"எதுவும் எடுக்க வரலம்மா. சும்மா பாக்கத்தான் வந்தேன்."

ஆராயி கால்களைச் சற்று நகர்த்தி, உட்கார இடம் விட்டாள். கஸ்தூரி உட்கார்ந்தாள்.

தீபத் திருவிழாக் கூட்டம் ஊருக்குள் வரும் முன்பே ஆராயி போய்விட்டாள். கஸ்தூரி விடுப்பெடுத்துக்கொண்டு போய், பாடை தெருமுனையைத் தாண்டும்வரை ஆராயியின் இரண்டு பெண்களோடும் நின்றாள். மறுநாள் காலை வழக்கம்போல அறுவை அறைக்குள் போனாள்.