குதிகாலும் பிளம் மரமும்

மொராவா ஆற்றங்கரை ஊரின் மருத்துவமனையில் டாக்டர் டெசான்கா முப்பத்தோரு வருடமாக எலும்பு முறிவுகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். தகடு, திருகு, கம்பி எல்லாம் அவர் கைக்கு அடங்கும். அடங்காதது நோயாளிகளின் வாய்தான்.

செப்டம்பர் பிறந்தால் குதிகால் உடைந்த ஆண்கள் வரிசையாக வருவார்கள். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டால் அத்தனை பேரும் மாடிப்படி என்பார்கள். மாடியே இல்லாத வீட்டுக்காரரும் அதையே சொல்வார். படியில் சறுக்கினால் பெரும்பாலும் கணுக்கால்தான் திருகி முறியும். உயரத்திலிருந்து நேராகக் காலூன்றி விழுந்தால்தான் குதிகால் இப்படி அப்பளமாக நொறுங்கும். செப்டம்பர் பிளம் பறிக்கும் மாதம் வேறு. ஆனால் மரத்திலிருந்து விழுந்தவர் பெயரைத்தான் அந்த ஆண்டு வடிக்கும் பிளம் சாராயமான ராக்கியாவுக்கு வைப்பது ஊர் வழக்கம். ஒவ்வொரு கோப்பைக்கும் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். யார் ஒத்துக்கொள்வார்?

டெசான்காவின் ஆராய்ச்சி மாட்டிக்கொண்டது இங்கேதான். பிளம் மரங்களைக் குட்டையாக வெட்டி வளர்த்தால் பாதிக் குதிகால்கள் பிழைக்கும் என்று மருத்துவ இதழ் ஒன்றுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினார். உங்கள் படிவங்களின்படி ஆபத்து மாடிப்படியில்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. ஓய்வுக்கு ஒரு வருடமே பாக்கி. கட்டுரை வராவிட்டால் இத்தனை வருட உழைப்பும் வீண். நோயாளிகளிடம் கெஞ்சினார், மிரட்டினார். ஒருவரும் அசையவில்லை.

அந்த செப்டம்பரில் தங்கை வீட்டுக்குப் போனவர், எட்டாத கிளையில் பழம் தொங்குவதைப் பார்த்ததும் அறுபத்துநான்கு வயதை மறந்து ஏறிவிட்டார். ஏறியதைவிட வேகமாக இறங்கினார்.

குதிகால் நொறுங்கி, தன் வார்டிலேயே கட்டிலில் கிடத்தப்பட்டார். உதவி மருத்துவர் ஓக்னியன் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டுக்கொண்டே படிவத்தை எடுத்தார்.

"மேடம், எப்படி விழுந்தீங்க?"

"மாடிப்படி."

வாய் தானாகவே சொல்லிவிட்டது. ஓக்னியன் மறு பேச்சில்லாமல் எழுதிக்கொண்டதுதான் அவரைச் சுட்டது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். மூன்று நாளுக்கு முன் இரண்டு குதிகாலும் உடைந்து வந்து, அதே மாடிப்படியைச் சொன்ன விவசாயி வுக்கோமான்தான் அது. டெசான்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அத அடிச்சிட்டு எழுது," என்றார், வார்டு முழுக்கக் கேட்கும்படி. "பிளம் மரம். மூணாவது கிளை. வேணாம்னு தங்கச்சி ரெண்டு தடவ சொன்னா. அதையும் எழுது."

வார்டு சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. பிறகு திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"டாக்டரம்மா, என் படிவத்தயும் எடுக்கச் சொல்லுங்க. நான் நாலாவது கிளை."

இந்த ஆண்டு ராக்கியாவுக்குப் பெயர் கிடைத்துவிட்டது என்ற செய்தி பரவியதும் ஊருக்கே தைரியம் வந்துவிட்டது. பழைய நோயாளிகள் நாற்பத்தேழு பேர் நொண்டி நொண்டி வந்து படிவத்தைத் திருத்திக்கொடுத்தார்கள்.

வசந்தத்தில் கட்டுரை அச்சானது. அந்த வாரமே வுக்கோமான் ஒரு புட்டியோடு வந்தார். அதன்மேல் கொட்டை எழுத்தில் 'டெசான்கா' என்று எழுதியிருந்தது. டாக்டர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, தன் பெயரை ஒரே மடக்கில் குடித்தார்.