அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரே பெயர்

என்னையும் என் மகளையும் காப்பாற்றிய மனிதரை, எங்கள் வீட்டைக் கொளுத்த வந்தவர் என்று எழுதிக் கையெழுத்து வைத்தவள் நான். கனடாவில், என் அகதி விண்ணப்பத்தில், முழுப் பெயரோடும் வீட்டு இலக்கத்தோடும் எழுதிக் கொடுத்தேன்.

இத்தனை காலம் ஒருவரிடமும் சொல்லவில்லை. கோயிலில்கூட வாய் திறக்கவில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என்னைத் தெரியாதவர் என்ற தைரியத்தில்தான்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரம். கொழும்புக்குப் பக்கத்தில் தெகிவளையில் இருந்தோம். கணவர் சவூதியில். மகள் கௌரிக்கு நான்கு வயது, கக்குவான் இருமல் வேறு. தமிழர் வீடுகளைக் கொளுத்துகிற கூட்டம் தெருமுனைக்கு வந்தபோது பின்மதிலால் எங்களைத் தூக்கி எடுத்தவர் பக்கத்து வீட்டுப் பியதாச அண்ணை. சிங்களவர், தபால் கந்தோரில் கிளார்க். மூன்று நாள் அவருடைய சாமான் அறையில் கிடந்தோம். எங்கள் வீடு எரிகிற மணம் அங்கே வந்தது.

கௌரி இருமும்போதெல்லாம் அவர் ஓடிப்போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார். அவருடைய மனைவி கொத்தமல்லி அவித்துப் பருக்கினார். வாசலில் வந்து கேட்டவர்களிடம், இங்கே தமிழர் எவரும் இல்லை என்று புத்தர் மேல் ஆணையிட்டுச் சொன்னார் அண்ணை. எங்களுக்காக அவர் செய்த பொய்ச் சத்தியத்தைக் கதவுக்குப் பின்னால் நின்று என் காதால் கேட்டேன்.

எண்பத்தாறில் கனடாவுக்கு, ஸ்காபரோவுக்கு வந்தேன். விண்ணப்பப் போம் நிரப்பிக் கொடுக்கிற எங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் போய், நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் பேனையை மூடி வைத்தார்.

“தங்கச்சி, சிங்களவன் காப்பாத்தினவன் எண்டு எழுதினா, அப்ப அங்கயே இருந்திருக்கலாமே எண்டு கேப்பாங்கள். அந்தக் கதைய விடுங்கோ. கொளுத்த வந்தவங்களில ஆரையும் பேர் தெரியுமோ? பேர் இருந்தாத்தான் கேஸ் நிக்கும்.”

யாரைத் தெரியும் எனக்கு? வந்தவர்கள் லொறியில் வந்து இறங்கியவர்கள். ஏழு வருடம் குடியிருந்த தெருவில் முழுப் பெயர் தெரிந்த சிங்களவர் எனக்கு ஒருவர்தான்! மற்றவர்களோடு நான் பழகவேயில்லை. மதிலுக்கு மேலால் கறிக்கோப்பை மாற்றிக்கொண்டது அந்த ஒரு வீட்டோடு மட்டும்தான்.

“பியதாச,” என்றேன்.

ஊர்க்காரர் மேல் பழி போட மாட்டேன். அவர் பெயர் கேட்டார். கொடுத்தது என் வாய். அதிகாரிக்கு முன்னால் சத்தியம் செய்யச் சொன்னார்கள். நிமிர்ந்து நின்று செய்தேன். ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்த அன்று பாயாசம் வைத்தேன். வெட்கங்கெட்டவள்! அதற்குப் பிறகும் வருடாவருடம் புதுவருடத்துக்கு அவருக்கு வாழ்த்து அட்டை அனுப்பினேன், என் போன் இலக்கத்தையும் எழுதி.

எண்பத்தொன்பது மாசியில், ஒரு ஞாயிறு காலை, போன் அடித்தது.

“நங்கி, நான் பியதாச. பிள்ளைக்கு இருமல் சுகமா?”

நங்கி என்றால் அவர்கள் பாஷையில் தங்கச்சி. ஆறு வருடம் கழித்து அந்த மனுசன் கேட்ட முதல் கேள்வி அது.

இதே நகரத்தில், ரெக்ஸ்டேலில் ஒரு வீட்டுப் பேஸ்மென்ரில் இருந்தார். தெற்கே சிங்கள இளைஞர்களே அரசாங்கத்துக்கு எதிராக ஆயுதம் எடுத்திருந்த காலம் அது. வேலைக்குப் போனால் சுடுவோம் என்று கந்தோர்க்காரருக்குக் கடிதங்கள் வந்தன. இவருக்கு வந்ததில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: தமிழரை ஒளித்த துரோகி. தப்பி வந்து, இங்கே அவரும் அகதி கேட்டிருந்தார்.

மூன்று பஸ் மாறி, யாரோ கொடுத்த பெரிய கோட்டோடு வந்து சேர்ந்தார். கௌரியைக் கண்டதும் கண் கலங்கிவிட்டார். அவள் “ஹாய் அங்கிள்” என்றுவிட்டு ரீவிக்குத் திரும்பினாள்.

“நங்கி, ஒரு கடிதம் மட்டும் எழுதித் தாங்க. எண்பத்துமூணில நான் உங்கள ஒளிச்சு வச்சது உண்மை எண்டு. அது இருந்தாப் போதும் எண்டு லோயர் சொல்றாரு.”

உண்மையை எழுதித் தா என்றார்... அவ்வளவுதான்! ஆனால் என் கடிதமும் என் விண்ணப்பமும் ஒரே மேசைக்கு வந்தால்? கணவரை இங்கே எடுப்பிக்க ஸ்பொன்சர் பேப்பர் அப்போதுதான் போட்டிருந்தேன். ஆறு வருடமாகத் தகப்பன் முகம் காணாத பிள்ளை அங்கே ரீவி பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வேண்டாம், சொல்லாதீர்கள்.

“ஓம் அண்ணை, எழுதித் தாறன்,” என்றேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

எழுதவில்லை. முதலில் வேலை கூடிப்போச்சு என்றேன். பிறகு இங்கிலீசில் எழுத ஆள் கிடைக்கவில்லை என்றேன். கடைசியில், போன் அடித்தால் கௌரியை எடுக்கச் சொல்லி, அம்மா வீட்டில் இல்லை என்று சொல்ல வைத்தேன். எந்தப் பிள்ளையின் இருமலை மறைக்க அவர் ரேடியோவைக் கூட்டினாரோ, அந்தப் பிள்ளையின் வாயாலேயே!

அவருடைய கேஸ் விழுந்துவிட்டது. கடிதம் இல்லாததாலா, இல்லை, என் விண்ணப்பத்தில் இருந்த பெயரை எவராவது கண்டுபிடித்தார்களா? எனக்குத் தெரியாது. விசாரிக்கத் துணிந்ததுமில்லை.

திருப்பி அனுப்பிய அன்று எயார்போர்ட்டில் இருந்து அடித்தார். தவறிப்போய் நானே எடுத்துவிட்டேன்.

“நங்கி, மனசில ஒண்டும் வைக்காதீங்க. எனக்கு விளங்குது. சிங்களவனுக்குக் கடிதம் குடுத்தா உங்கட ஆக்கள் உங்கள சும்மா விடமாட்டாங்க. அந்தப் பயந்தானே? நான்தான் யோசிக்காமக் கேட்டுட்டன்.”

என்னை மன்னித்துவிட்டார்... நான் செய்யாத குற்றத்துக்கு! செய்த குற்றத்தைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. பின்னால் விமானம் அறிவிக்கிற சத்தம் கேட்டது.

“ஓம் அண்ணை, அந்தப் பயந்தான்,” என்றேன்.

மார்கழியில் கணவர் வந்து சேர்ந்தார். தெகிவளைக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அண்ணை உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. கௌரிக்கு அவர் பெயரும் நினைவில்லை. இந்த நாட்டில் அவர் பெயர் என் விண்ணப்பத்தில் மட்டும் பத்திரமாக இருக்கிறது, கொளுத்த வந்தவர் என்று. கீழே என் கையெழுத்து.