ராணி மண்டபத்தில் ஒரு பிளம்பர்

செங்கம் ரோட்டில் லாட்ஜ் நடத்துகிறவர்களில் சாந்த் பாஷாவைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் கட்டடத்தில் இன்னும் ஒரு நாள்கூடத் தண்ணீர் நின்றதில்லை என்று அர்த்தம். மலையடிவாரத்து ஆசிரமத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் வெளிநாட்டுக்காரர்களும் வடநாட்டுக்காரர்களும் தங்கும் அறைகளில் பாதிக்கு மேல் அவர் கை பட்ட குழாய்தான். சுவருக்குள் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க அவரிடம் மெஷின் எதுவும் கிடையாது. இரண்டடி நீளத்தில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டு வைத்திருப்பார். ஒரு முனையைச் சுவரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. பேசினால் திட்டு விழும், லாட்ஜ் முதலாளியாகவே இருந்தாலும். அப்புறம் ஒரு இடத்தில் விரலை வைத்து, "இங்க ஒடைங்க" என்பார். உடைத்தால் ஈரம் இருக்கும்.

இவ்வளவு கெட்டிக்காரருக்கு பைக் ஓட்ட வராது. ஐம்பத்து நான்கு வயது வரை கற்றுக்கொள்ள அவசியம் ஏற்படவில்லை, ஏனென்றால் கண்ணாயிரம் இருந்தார். கண்ணாயிரம் அடி அண்ணாமலைக்காரர். மோட்டார், ஒயரிங் எல்லாம் அவர் வேலை. அவருடைய பழைய டிவிஎஸ்ஸில் இவர் பின்னால் உட்கார்ந்து, பத்தடி பைப்பைத் தோளில் தாங்கிக்கொண்டு போவார். பின்னால் வரும் பஸ்காரன் ஹாரன் அடித்தே களைத்துப் போவான். இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓடியது. பாஷாவைக் கூப்பிட்டால் கண்ணாயிரமும் வருவார், கண்ணாயிரத்தைக் கூப்பிட்டால் பாஷாவும் வருவார் என்பது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம்.

அந்த வண்டிச் சவாரி போன சித்திரையில் நின்றுபோனது.

விமல்ராஜ் என்பவரின் மூன்று மாடி கெஸ்ட் ஹவுஸில்தான் வினை ஆரம்பித்தது. மூன்றாவது மாடியில் ஷவரைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்தது, இரண்டு சொட்டுத் தண்ணீர் வந்தது, அதோடு நின்றது. தலையில் சோப்பு நுரையோடு ஒரு ஜெர்மன்காரர் துண்டைக் கட்டிக்கொண்டு ரிசப்ஷனுக்கே இறங்கி வந்துவிட்டார். பாஷா போய்த் தன் லைன் முழுவதும் காதை வைத்துப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. "என் வேலைல கோளாறு இல்ல. மோட்டாரப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

தண்ணீரைத் தள்ளிவிடுகிற பிரஷர் மோட்டார் கண்ணாயிரம் மாட்டியது. அவர் அதை மூன்று தடவை கழற்றி மாட்டினார். வேறு மோட்டாரே கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். காற்று நிற்கவில்லை. விமல்ராஜ் வேறு ஆளைக் கூப்பிட்டார், அப்போதும் நிற்கவில்லை. அங்கேயாவது பாஷாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திறமைசாலிகளிடம் இது ஒரு தொல்லை. தன் கையில் தப்பு நடக்கும் என்ற நினைப்பே அவர்களுக்கு எழாது. "அவன் போட்ட ஒயரிங்க இன்னொருத்தன் வந்து எப்படி சரி பண்ணுவான்?" என்றார். டீக்கடையில் நாலு பேர் நடுவில் இன்னும் ஒரு படி மேலே போனார். "கண்ணாயிரத்துக்கு முன்னாட்டம் கண்ணு தெரியல. இனிமே அவன நம்பி மோட்டார் குடுக்காதீங்க."

கண்ணாயிரம் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. டீ வாங்கினார், முழுக்கக் குடித்தார், கிளாஸை வைத்துவிட்டுத் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு செங்கம் ரோட்டில் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பாஷா பத்தடி பைப்போடு ஷேர் ஆட்டோவில் ஏறப் பார்த்து, ஊர் ஜனங்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

பாஷாவின் மனைவி அஜ்மத் பேகம் விடவில்லை. அவர்கள் வீட்டுப் பேச்சு உருது. ஆனால் வாக்குவாதம் என்று வந்துவிட்டால் இருவரும் தமிழுக்கு மாறிவிடுவார்கள், அதில்தான் காரம் ஜாஸ்தி. "இருவத்திரண்டு வருசம் அந்த அண்ணன் முதுகுக்குப் பின்னாடி ஒக்காந்து போனீங்க. இப்ப முதுகுக்குப் பின்னாடி பேசறீங்க. நல்லா இருக்குதுங்க!" என்றாள். பாஷா சாப்பாட்டுத் தட்டோடு வேறு அறைக்குப் போய்விட்டார். ஆனால் இரண்டு மாதமாக அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஆனி மாதம் அஜ்மத்தின் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ் ஒன்றுக்காக, செஞ்சிப் பக்கம் உள்ள ஒரு கிராமத்துக்கு வேன் வைத்துப் போனார்கள். திரும்பும் வழியில், ராணி குளித்த மண்டபம் ஒன்று இருக்கிறது, பார்த்துவிட்டுப் போகலாம் என்று வேனிலிருந்த பெண்கள் எல்லாரும் சொன்னார்கள். பாஷாவுக்கு எரிச்சல். "தெனம் நான் பாக்கறதே குளிக்கிற ரூமுதான். அதுக்குன்னு தனியா வண்டி வச்சிப் போவணுமா?"

"நீங்க வேன்லயே இருங்க. யாரு கையப் புடிச்சி இழுத்தாங்க?" என்றாள் அஜ்மத். அவர் இறங்கினார்.

நிலக்கடலைக் காட்டுக்கு நடுவே மண்டபம் நின்றது. வெளியே பார்த்தால் கறைபடிந்த வெறும் சுவர். உள்ளே போனதும் பாஷா பேச்சை நிறுத்தினார். நடுவில் சதுரமான தொட்டி, நான்கு பக்கமும் வளைவுகள் வைத்த தாழ்வாரம், மேலே கூரையில் நட்சத்திர வடிவில் துளைகள். வெயில் அந்தத் துளைகள் வழியாக இறங்கித் தரையில் சின்னச் சின்னதாகக் கிடந்தது. எல்லாரும் போனை எடுத்துக் கூரையைப் படம் பிடித்தார்கள். பாஷா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அஜ்மத்தின் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி, தாழ்வாரத்தின் நடுவில் கொஞ்சம் ஊற்றினார்.

தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. பிறகு எங்கேயும் தேங்காமல், பிரியாமல், நேராக ஓடி மூலையில் இருந்த ஓட்டைக்குள் இறங்கியது. கண்ணால் பார்த்தால் தரையில் சரிவே தெரியவில்லை. பாஷா இன்னொரு மூலையில் ஊற்றினார். அங்கேயும் அப்படியே. போன மாதம் அவர் போட்ட பாத்ரூமிலேயே கதவோரம் தண்ணீர் நிற்கிறது. இங்கே எத்தனையோ நூறு வருடம் கழித்தும் தண்ணீருக்குத் தன் வழி மறக்கவில்லை.

மண்டபத்தைப் பெருக்கிக் காவல் பார்க்கிற ஆராயி என்கிற அம்மாள் துடைப்பத்தோடு வந்தாள். "எங்க ராசா கட்டினதுங்க" என்றாள் பெருமையாக.

"ராசா பணம் குடுத்திருப்பாரும்மா. கட்டினவன் என்னாட்டம் எவனோ ஒருத்தன். எம்மாம் பெரிய ஆளு தெரியுமா அவன்! பேரு எங்கனா எழுதியிருக்குதா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"இருக்காது" என்றார் பாஷா. வேனில் முனகிக்கொண்டு வந்த மனுஷனா இவர் என்று அஜ்மத் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தொட்டிக்குத் தண்ணீர் வந்த வாயைத் தேடி, சுட்ட மண்ணால் செய்த குழாயைக் கண்டுபிடித்து, அதைத் தடவிக்கொடுத்தார். குழாய் போகும் திசையிலேயே வெளியே நடந்தார். தூரத்தில் மேட்டில் ஏரிக்கரை தெரிந்தது. ஏரிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கடலைக் காட்டில், ஆள் உயரத்துக்கு மேல் செங்கல் தூண்கள் சீராகத் தள்ளித் தள்ளி நின்றன.

"அது இன்னா தூணு?"

"வௌக்குத் தூணுங்க. ராணி வர்ற பாதைக்கி வௌக்கு. கார்த்திகைக்கி நாங்க இப்பவும் அதும்மேல அகல் வைப்போம்" என்றாள் ஆராயி.

ராணி ஏரியிலிருந்து எதற்கு நடந்து வர வேண்டும் என்று பாஷாவுக்குத் தோன்றியது. ஒரு தூண் பாதி பிளந்து கிடந்தது. கிட்டே போனார். தூண் உள்ளே பொந்தாக இருந்தது. அடியில் மண்குழாய் வந்து அதோடு சேர்ந்திருந்தது. உள்சுவரில் பாதி உயரம் வரை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. லாட்ஜ் ஹீட்டர்களில் மாதாமாதம் அவர் சுரண்டி எடுக்கிற அதே உப்பு. நகத்தால் கீறிப் பார்த்தார், அதேதான். அந்த அளவுக்குத் தண்ணீர் ஏறி நின்றிருக்கிறது. அதற்கு மேலே உப்பு இல்லை, வெறும் செங்கல், உச்சியில் திறந்த வாய்.

இது விளக்குக்குக் கட்டியதல்ல. குழாய்க்குள் மாட்டிக்கொள்ளும் காற்று வெளியே போவதற்குக் கட்டியது. காற்று போனால்தான் தண்ணீர் வரும்.

பாஷாவுக்குத் தை மாதம் ஞாபகம் வந்தது. விமல்ராஜின் மொட்டை மாடி டேங்கில், தண்ணீர் கீழே இறங்குகிற இடத்தில், அவரே ஒரு காற்றுக் குழாய் வைத்திருந்தார். விருந்தாளிகள் மலையோடு படம் எடுக்கும்போது அது குறுக்கே வந்தது. "மலைக்கு நடுவுல கம்பம் நட்டாப்பல இருக்குது பாய். வெட்டி விட்டுடுங்க" என்றார் விமல்ராஜ். பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்து வளர்ந்தவர் பாஷா. மலையை மறைக்கிறது என்றால் அவருக்கும் மனம் கேட்கவில்லை. வெட்டி மூடி போட்டார். அப்போது டேங்க் நிறையத் தண்ணீர் இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. சித்திரையில் டேங்க் அடிவரை காலியாக ஆரம்பித்தது, காற்று உள்ளே புகுந்தது, வெளியே வர வழி இல்லை. உலகத்தில் எந்த மோட்டார் வைத்தாலும் ஷவர் புஸ்ஸென்றுதான் சொல்லும்.

பிளந்த தூணின் பக்கத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே வந்த அஜ்மத் பயந்துபோய், "இன்னா ஆச்சிங்க?" என்றாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப கண்ணாயிரம் அண்ணன் மேல தப்பே இல்ல."

"இல்ல."

"டீக்கடைல பேசினது?"

பாஷாவின் கண் கலங்கிவிட்டது. அஜ்மத் மண்டபத்திலிருந்து அவர் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து காலடியில் போட்டாள். ஆராயியிடம் மட்டும் பாஷா போகும்போது சொன்னார், "அம்மா, அது காத்துக்குக் கட்டின தூணு. ஆனா நீங்க வௌக்கு வைங்க. அதக் கட்டினவனுக்கு வைக்கிறதா நெனச்சி வைங்க."

மறுநாள் காலை முதல் வேலையாக விமல்ராஜின் மொட்டை மாடிக்குப் போய் மூடியை அறுத்தெடுத்து, காற்றுக் குழாயை மறுபடி நட்டார். மூன்றாவது மாடியில் ஷவர் இரண்டு தடவை இருமியது, பிறகு கொட்டியது.

"வெட்டச் சொன்னது நான்தானே பாய்" என்றார் விமல்ராஜ் சங்கடத்தோடு.

"நீங்க சொல்லுவீங்க தம்பி. வேணாம்னு சொல்ல வேண்டியது நானு. அதுக்குத்தான கூப்பிடறீங்க. மலை எங்கயும் போவாது, பத்தடி தள்ளி நின்னு படம் எடுக்கச் சொல்லுங்க."

அங்கிருந்து அடி அண்ணாமலைக்கு ஷேர் ஆட்டோ பிடித்தார். கண்ணாயிரம் வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சரசு ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கமாகக் கேட்கிற எதையும் கேட்காமல் உள்ளே போனாள். பாஷா நின்றபடியே சொன்னார். தை மாதம், மூடி, தூண், உப்பு எல்லாவற்றையும். கண்ணாயிரம் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"என்னப் பத்தி எங்க சொன்ன பாய்?"

"டீக்கடைல."

"அப்பறம்?"

"லாட்ஜுங்கள்ல கேட்டாங்க. சொன்னேன்."

"எத்தினி லாட்ஜு?"

பாஷா மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். "பதினொண்ணு."

"இப்ப எங்கிட்ட வந்து சொன்னா? தப்பு எம்மேல இல்லன்னு எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

பாஷா சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தெருவுக்கு வந்தார்.

முதலில் டீக்கடைக்குப் போனார். அன்றைக்குக் கேட்ட நாலு பேரில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் சத்தமாகவே சொன்னார், "கண்ணாயிரம் மோட்டார்ல ஒரு கொறையும் இல்ல. தப்பு என்னுது. காத்துக் குழாய வெட்டினது நானு." ஒருவன் சிரித்தான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, செங்கம் ரோட்டில் நடக்க ஆரம்பித்தார். லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கி இதையே சொன்னார். சிலருக்கு அவர் முன்பு சொன்னதே ஞாபகம் இல்லை. ஒரு மேனேஜர், "இதுக்கா இந்த வெயில்ல வந்தீங்க?" என்றார். இன்னொருவர், "அப்ப எங்க பைப்பையும் ஒரு தடவ பாத்துடுங்க பாய், நீங்க போட்டதுதான்" என்று குத்தினார். அதையும் வாங்கிக்கொண்டார். அவர் வாயால் கெட்ட பேர் அவர் வாயால்தான் சரியாக வேண்டும். நிக்காஹ் விருந்தில் கூட்டத்தோடு கலகலவென்று பேசுகிற மனுஷன், ஒவ்வொரு ரிசப்ஷனிலும் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்.

ஒன்பதாவது லாட்ஜிலிருந்து வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது. ரோட்டைக் கடக்கப் போனவருக்குப் பின்னால் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தச் சத்தத்தை அவர் சொல்லிவிடுவார். டிவிஎஸ் அவர் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாயிரம் திரும்பிப் பார்க்கவில்லை, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"ஏறு பாய். இன்னும் ரெண்டு லாட்ஜு பாக்கி. நடந்து போனா பொழுது சாஞ்சிடும்."