முள்காட்டுக்கு ஜீப் ஏறி வந்தவர்கள்

ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுவதைவிட எருமை மேய்ப்பது மேல். எருமை கேள்வி கேட்காது. வாடகை வண்டி ஓட்டி வயிறெரிந்த அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததா? எழுபதுகளில் மறையூரிலிருந்து சின்னாறுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். மூணாறில் குளிரில் நடுங்கியவர்கள், மலைக்கு இந்தப் பக்கம் மழை எட்டிப் பார்க்காத முள்காடு இருப்பதாகக் கேள்விப்பட்டு இறங்கி வருவார்கள்.

தோப்புக்காரர்

பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் மாந்தோப்பு வைத்திருந்த ஒருவர் குடும்பத்தோடு வந்தார். கள்ளிக்கும் உடைமரத்துக்கும் நடுவே கூட்டிப்போனேன். நட்சத்திர ஆமை ஒன்று குறுக்கே போனது, பார்க்கவில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி உதிர்த்துவிட்டு என்னை முறைத்தார். "ஏனுங்க, இந்த முள்ளப் பாக்கவா இத்தன தூரம் கூட்டியாந்தீங்க? எங்க தோப்புக்குப் பொறவால இது சும்மா கெடக்குதுங்க!"

முனியறை

மறையூர்ப் பாறைமேல் பலகைக் கற்களை நிறுத்தி மூடிய முனியறைகள் உண்டு. செத்தவர்களுக்காக அந்தக் காலத்தில் எழுப்பியவை என்பார்கள். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை மேஸ்திரி ஒருவர், நிழலைக் கண்டதும் உள்ளே புகுந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தார். விஷயத்தைச் சொன்னேன். மென்றுகொண்டே கேட்டார்: "செத்தவனுக்கு எதுக்குங்க இத்தன நெழலு?"

கூஜா

கல்பாத்தி அக்ரகாரத்திலிருந்து ஒரு பேங்க் அதிகாரி மனைவியோடு வந்தார். தூவானம் அருவி தூரத்தில் தெரியும் பாறைக்கு ஏறவேண்டும். என் தகரக் கேனைப் பார்த்து, "யார் யார் வாய் வெச்சதோ" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, வீட்டுக் கூஜாவைத் தூக்கிக்கொண்டார். அங்கே காற்று பேயாக அடிக்கும். அவரோ அண்ணாந்து, முழ உயரத்திலிருந்து ஊற்றிக் குடித்தார். வாய்க்குப் பாதி, சட்டைக்குப் பாதி. உச்சிக்குப் போகுமுன் கூஜா காலி.

எதிரே மலையில் அருவி கொட்டுகிறது. இங்கே அந்த அம்மா கண் இருட்டிப் பாறையில் சரிந்துவிட்டார். கேனை நீட்டினேன். மனிதர் குறுக்கே கை நீட்டி, "சித்த பொறுத்துக்கோ, கீழே ஆத்தங்கரையில குடிச்சுக்கலாம்" என்றார். ஓங்கி அறையலாம்போல இருந்தது எனக்கு.

அந்த அம்மா அவர் கையைத் தட்டிவிட்டு, கேனைப் பிடுங்கி, வாய் வைத்தே மடமடவென்று குடித்தார். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்து எழுந்து உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு கணவரிடம் சொன்னார்: "நீங்க ஆசாரமா ஆத்தங்கரைக்கு வந்து சேருங்கோ. நான் உசிரோட முன்னால போறேன்."

காட்டு வறட்சிக்கு ஒரு மழை போதும். ஊரிலிருந்து ஜீப் ஏறி வருகிற வறட்சிக்கு, அந்த அம்மா மாதிரி யாராவது கூடவே வந்தால்தான் உண்டு.