மறுபடி கேட்டால் கழுதை கத்தும்

நான் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டது ஒரு கழுதையிடம். கம்ப்யூட்டருக்குள் இருந்த கழுதை. சரியாகச் சொன்னால் தொப்பியைக் கழற்றிக் கும்பிடும், தப்பாகச் சொன்னால் வாயைப் பிளந்து கத்தும். ஜனக்புரியில் எங்களுடையது மாடி வீடு. கீழ் வீட்டுப் பஞ்சாபிக்காரி ஒருநாள் என்னைப் படியில் நிறுத்தி, பஹன்ஜி, வேளை கெட்ட வேளையிலெல்லாம் உங்கள் வீட்டில் ஒரு மாதிரிச் சத்தம் கேட்கிறதே, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று ஹிந்தியில் விசாரித்தாள். என் வீட்டுக்காரருக்குத்தான், வாயுத் தொந்தரவு என்று சொல்லிவிட்டேன். நல்ல மனுஷி, அன்று சாயங்காலமே ஓமத்தண்ணீர் கொடுத்தனுப்பினாள். அவரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் வாங்கிக் குடித்துவிட்டார்.

அப்போதுதான் நான் சர்க்கார் ஆபீஸ் வேலையை விருப்ப ஓய்வில் விட்டிருந்தேன். கோப்புகளோடு மல்லுக்கட்டிய கைக்கு வீட்டில் வேலை போதவில்லை. ஒரே மகன் அமெரிக்காவில். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன், தமிழ் பேசுவான், பாதி ஹிந்தியாக. அங்கே கூட வேலை பார்க்கும் மெக்சிகோக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று போனில் சொன்னபோது, சரிப்பா, நல்லா இரு என்றேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் படித்தார். பிறகு அவரும் சரி என்றார். பெண்ணைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் கல்யாணத்தைப் பற்றித்தான்.

அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, அம்மா, டெல்லியில் கல்யாணம் வைக்கட்டுமா, இல்லை இங்கேயே ரிஜிஸ்டர் பண்ணிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். எதுக்குப்பா உங்களுக்குச் சிரமம் என்றேன். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். ஒருதரம் கேட்டதும் "சரி" என்று யாராவது சொல்வார்களா? காப்பி வேணுமா என்று கேட்டாலே முதல் தடவை வேண்டாம், இரண்டாம் தடவை எதுக்குச் சிரமம், மூன்றாம் தடவைதான் அரை டம்ளர் போதும். அதற்குள் அடுப்பில் முழு டம்ளர் கொதித்துக்கொண்டிருக்கும். இவன் என்ன செய்தான் தெரியுமா? "அச்சா மா, தேங்க்ஸ்!" என்று போனை வைத்துவிட்டான். நான் ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

இது அவனுக்குப் புதிதில்லை. மேல்படிப்புக்குப் போன அன்றும் ஏர்போர்ட் வாசலில், அம்மா, நான் போகாமல் இருந்துவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம், போயிட்டு வா என்றேன். இன்னொரு தடவை கேட்பான் என்று நினைத்தேன். அவன் டிராலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டான். போகத்தான் வேண்டும், நானே தடுத்திருக்க மாட்டேன். ஆனால் கேட்டிருக்கலாம். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே பேச்சை எடுத்தேன். ஒரே பிள்ளை, டெல்லியிலும் திருநெல்வேலியிலும் நாங்கள் போய் உட்கார்ந்து சாப்பிடாத பந்தி இல்லை, நம் வீட்டுப் பந்தி என்று ஒன்று வேண்டாமா என்றேன். "அம்மா, அவங்க மம்மியைக் கேட்டோம். இண்டியால வேணுமான்னு. மனா பண்ணிட்டாங்க மா. அவங்களுக்கும் சிம்பிளா போதுமாம்" என்றான். மறுத்துவிட்டார்களாம். அந்த அம்மாவுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாது. புருஷன் இல்லை, மெக்சிகோவில் ஏதோ சின்ன ஊரில் தனியாக இருக்கிறார். குளிர்காலத்தில் அவரையும் பெண்ணையும் அழைத்துக்கொண்டு டெல்லி வருகிறேன், சம்பந்திகள் பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பிப் போய் ரிஜிஸ்டர் பண்ணிக்கொள்கிறோம் என்றான்.

நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினேன். ஆனால் நடுவில் இவன் அல்லவா இருக்கிறான், மொழிபெயர்ப்பாளர் துரை! அதற்கு முன்பே, சம்பந்தியம்மா பெண்ணைப் பார்க்க அமெரிக்கா வந்திருந்தபோது, கம்ப்யூட்டர் கேமராவில் ஒருதரம் அவரோடு பேசியிருந்தேன். பிள்ளை வளர்த்த கதை, அவனுக்கு அம்மை போட்டது, எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவன் திரும்பி இரண்டே வார்த்தையில் அதை முடித்தான். அந்த அம்மா அங்கிருந்து கையை ஆட்டி ஆட்டி ஒரு பாரதமே சொன்னார். "நல்லா இருக்கீங்களான்னு கேக்கறாங்க" என்றான். இவனை நம்பிக் கல்யாணம் பேசினால் விளங்கும்.

வீட்டில் அப்போதுதான் பிராட்பேண்ட் போட்டிருந்தோம். மகன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர். தேடித் தேடி, சின்னப் பிள்ளைகளுக்கான அந்தக் கழுதை விளையாட்டுகளைப் பிடித்தேன். ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம். ஒன்றில் கலர் கலர் பலூனில் காய்களும் பழங்களும் பறக்கும், பெயர் சொல்லும் குரலுக்குச் சரியான பலூனை உடைக்க வேண்டும். ஒன்றில் நாம் டாக்சி டிரைவர். பின்சீட்டுக் கிழவி இஸ்கியெர்தா என்றால் இடதுபக்கம், தெரெச்சா என்றால் வலதுபக்கம் அம்புக்குறியை அழுத்த வேண்டும், தப்பினால் மீன்கடைக்குள் வண்டி போய்விடும். பிறந்தநாள் விழா ஒன்று, அதில்தான் ஃபியெஸ்தா என்றால் கொண்டாட்டம் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் ஊதித் தள்ளினேன். ஹோட்டல் விளையாட்டில்தான் மாட்டிக்கொண்டேன்.

அதில் நாம் சர்வர். வருகிறவர்களிடம் குவாந்தாஸ் பெர்சோனாஸ், எத்தனை பேர், என்று கேட்டு மேஜை காட்ட வேண்டும். கே தெசேயா, என்ன வேண்டும், என்று கேட்டுத் தட்டை நீட்ட வேண்டும். வாடிக்கையாளர் "நோ, கிராசியாஸ்" என்று சொல்லிவிட்டால், வேண்டாம் நன்றி என்று அர்த்தம், தட்டை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். இங்கேதான் எனக்குக் கை வரமாட்டேன் என்றது. ஒருவர் வேண்டாம் என்றதும் தட்டைத் தூக்கிக்கொண்டு போவதா? நான் மறுபடி நீட்டுவேன். கழுதை கத்தும். தெரிந்தேதான் நீட்டுவேன், இந்தத் தடவை ஒருவேளை எடுத்துக்கொள்வாரோ என்று. மறுபடி கத்தும். என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே, "ஏட்டி, இன்னைக்கு எத்தனை பேரைப் பட்டினி போட்டே?" என்பார். அதற்குப் பழியாக ஒருவாரம் அவர் சாம்பார் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கே தெசேயா என்று கேட்டேன். ஸ்பானிஷில் கேட்டால்தான் ஊற்றுவேன் என்றதும், மனுஷர் மோர் விட்டுச் சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

டாக்சி விளையாட்டைத் தெருவிலும் பரீட்சை பார்த்தேன். மெட்ரோவிலிருந்து இறங்கி ஆட்டோ பிடித்து, திருப்பத்துக்குத் திருப்பம் இஸ்கியெர்தா, தெரெச்சா என்று கணீரென்று சொன்னேன். அவன் வண்டியை ஓரம் கட்டிவிட்டான். "மேடம்ஜி, மதராசி மத் போலோ, ஹிந்தி மே போலோ" என்றான். மதராசி பேசாதீர்களாம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் டெல்லியில் நான் பேசிய தமிழும் இவர்கள் காதில் இப்படித்தான் விழுந்திருக்கிறது.

டிசம்பரில் வந்து இறங்கினார்கள். சம்பந்தியம்மா என்னைவிடக் குட்டை, என்னைவிடக் குண்டு, பார்த்ததுமே பிடித்துவிட்டது. வந்த முதல் நாள் சொதி வைத்திருந்தேன். தேங்காய்ப் பாலில் காய்கறி போட்டு எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற குழம்பு. கல்யாணம்தான் இல்லை, குழம்பாவது இருக்கட்டும் என்று ஒரு கடுப்பில் வைத்தேன். நான் ஸ்பானிஷ் படித்த விஷயத்தை மகனிடம் மூச்சுவிடவில்லை, வீட்டுக்காரரையும் மிரட்டி வைத்திருந்தேன். சாப்பிடும்போது அவர்கள் பேசியதில் வெள்ளரிக்காயும் எலுமிச்சையும் நீலமும்தான் எனக்குப் புரிந்தது. பலூன் உடைத்த பலன்.

மறுநாள் பிள்ளைகள் இருவரும் டெல்லியைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் ஆபீஸ் போனார். மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் இரண்டே பேர், அன்றும் சொதிதான். தட்டில் இருந்ததை அந்த அம்மா வழித்துச் சாப்பிட்டு முடித்ததும், நான் சொதிக் கரண்டியைத் தூக்கி, "கே தெசேயா?" என்றேன்.

அவர் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றைத் தொட்டுக் காட்டி, "நோ, கிராசியாஸ்" என்றார். எனக்குக் கழுதையின் முகம் ஞாபகம் வந்தது. வந்தால் வரட்டும் என்று மறுபடி நீட்டினேன். நோ, நோ என்று கையைத் தட்டுக்கு மேலே விரித்தார். ஆனால் விரல்களுக்கு நடுவில் நல்ல இடைவெளி விட்டிருந்தார். எத்தனை பந்தியில் பரிமாறியவள் நான், எனக்கா தெரியாது? மூன்றாம் தடவை நீட்டினேன். "புவேனோ" என்று பெருமூச்சு விட்டுக் கையை எடுத்தார். சரி, அப்படியானால் போடு, என்று அதற்கு அர்த்தம். முகத்தைப் பார்த்தால், இதற்குத்தானே காத்திருந்தேன் என்று எழுதி ஒட்டியிருந்தது.

அடி மகராசி, நீயும் நம்ம ஜாதியா! அப்படியானால் கல்யாணத்துக்கும் இவர் ஒருதரம்தானே வேண்டாம் என்றிருப்பார்? இவரையும் அந்தப் பெண் ஒருதரம்தானே கேட்டிருப்பாள்? கரண்டியை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். கல்யாணம் என்பதற்குக் கழுதை எனக்கு வார்த்தை சொல்லித்தரவில்லை. இருப்பதை வைத்து ஓட்டினேன். என் தாலிக்கொடியை வெளியே எடுத்துக் காட்டினேன். உச்சிமேல் கை வைத்து மகன் உயரத்தைக் காட்டினேன். "ஃபியெஸ்தா. அகீ. தெசேயா?" கொண்டாட்டம், இங்கே, வேண்டுமா?

நோ, கிராசியாஸ் என்றார். குரலில் உறுதியே இல்லை, கண் தாலிக்கொடியிலேயே இருந்தது. இரண்டாம் தடவை கேட்டேன். என்னைக் காட்டி, என் கையைக் காட்டி, நெற்றி வியர்வையைத் துடைப்பதுபோல் ஏதோ சொன்னார். உங்களுக்குச் சிரமம் என்கிறார், இதற்கு அகராதி வேண்டுமா? மூன்றாம் தடவை அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அந்த அம்மா அழுதுவிட்டார். நானும்தான். பிறகு கைப்பையிலிருந்து போட்டோக்களை எடுத்து மேஜை முழுக்கப் பரப்பினார். மூத்த மகளின் கல்யாணம். ஜனமான ஜனம், தோரணம், மேளதாளம்! விரலால் அவற்றைக் காட்டி, பிறகு என் வீட்டுத் தரையைக் காட்டி, "அகீ" என்றார்.

இதற்குமேல் என்ன கேட்பது என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. சர்வர் வேலை பார்த்தவள் அல்லவா?

"குவாந்தாஸ் பெர்சோனாஸ்?" என்றேன்.

கண்ணீரைத் துடைத்துக்கொண்டே விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். அவர் பக்கத்து அத்தை மாமாக்களை எண்ணி முடிப்பதற்குள் எனக்குக் கழுதை சொல்லித்தந்த எண்களெல்லாம் தீர்ந்துபோயின.

சாயங்காலம் பிள்ளைகள் வந்தபோது நாங்கள் இருவரும் பால்கனி வெயிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். விஷயத்தைச் சொன்னதும் மகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பெண் தன் அம்மாவிடம் படபடவென்று ஏதோ கேட்டாள். அவரும் சளைக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"அம்மா, நீங்க ரெண்டு பேருமே வேண்டாம்னு சொன்னீங்களே!" என்றான் மகன்.

"ஒருதரம் கேட்டா வேண்டாம்னுதாம்ல சொல்லுவோம். திருப்பிக் கேக்கணும்லா?"

அவன் அதை ஸ்பானிஷில் சொன்னான், இந்தத் தடவை முழுசாக. சம்பந்தியம்மா பட்டாணித் தட்டை ஒதுக்கிவிட்டு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு அவர் சொல்லச் சொல்ல, அவன் என்னிடம் திரும்பி, அவர்கள் ஊர்ச் சர்ச்சிலும் ஒன்று வைக்க வேண்டுமாம், நீயும் அப்பாவும் வரவேண்டுமாம், வருகிறாயா என்று கேட்டான்.

எதுக்குப்பா அவ்வளவு தூரம், வீண் அலைச்சல் என்றேன். வேண்டுமென்றெல்லாம் சொல்லவில்லை, வாயில் தானாக வந்துவிட்டது.

"அச்சா மா..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பக்கம் சம்பந்தியம்மா அவனுக்கு இரண்டு விரலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

வா மா என்றான். அப்பாவுக்கு லீவு கிடைக்காது, எனக்கும் முட்டி வலி என்றேன். அவன் என் காலடியில் தரையில் உட்கார்ந்து, பட்டாணித் தோலோடு என் கையைப் பிடித்துக்கொண்டான். ஏர்போர்ட் வாசலில் கேட்காமல் விட்டதையும் சேர்த்துக் கேட்பவன்போல, "அம்மா, வா மா" என்றான்.

"சரிலே. ஜன்னல் சீட்டாப் பாத்துப் போடு" என்றேன்.